ஒண்ணாம் நம்பர் போர்டு

தங்கபுஷ்பம் ‘டியர் சர்ஸ்’ என்று அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாக உஸ்மான் சாலையைப் பார்த்தாள். கரும்புச்சாறுக்காரர் பிழிந்த கரும்பை மடித்து இரண்டாம் தடவை இயந்திரத்தில் செருகிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது ‘டி’ வந்திருந்தது. மற்ற எழுத்துகள், முதல் பந்தி எழுந்ததும் இலை தேடி வருகிறவர்களைப்போல, ஒன்றன் பின் ஒன்றாகத் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தன.

அடித்த எழுத்து தாமதமாக வருவதைவிட, வருவதற்குள் அது எங்கே இருக்கிறது என்பதுதான் அவளை அதிகமாக அரித்தது. பழைய டைப்ரைட்டரில் விரல் பட்டதும் கம்பி எழும், நாடாவில் மோதும், எழுத்து காகிதத்தில் விழும். நடுவில் நின்று இளைப்பாற இடமே கிடையாது. இந்த மிஷினில் விரலுக்கும் திரைக்கும் இடையே ஒரு ஊர் இருப்பதுபோலத் தோன்றியது. எழுத்து அந்த ஊருக்குப் போய், யாரையோ பார்த்து, காத்திருந்து, உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது.

மேலாளர் கனகராஜுக்கு இந்த மாதிரிச் சந்தேகங்கள் கிடையாது. எழுத்து தாமதமாக வந்தால் அடிக்கிறவள் சோம்பேறி. முடிந்தது. அவருடைய மச்சினன் ஜவஹர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான் என்பதும் அந்தத் தீர்ப்புக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ராஜரத்தினம் கைத்தறி ஏற்றுமதி நிறுவனம் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இருந்த ஜவுளிக்கடையும் ராஜரத்தினத்தினுடையதுதான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து துணி விற்று, பிறகு கட்டம் போட்ட லுங்கித் துணியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் பெரிய மனிதரானவர். அறைக்கதவில் ‘சேர்மன்’ என்று பித்தளையில் எழுதி மாட்டியிருந்தார். அந்தப் பலகையைத் துடைக்கிறவர்கள் உட்பட எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி அரசாங்கத்திடம் இறக்குமதி லைசென்ஸ் வாங்கி, கடல் கடந்து, ‘வேர்டு பிராசஸர்’ என்ற இந்த மிஷினைத் தருவித்தார். தென்னிந்தியாவிலேயே இதுதான் முதல் என்று வணிகர் பேரவைக் கூட்டத்தில் அறிவித்தார். அது உண்மைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. எப்படிச் சரிபார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மிஷினுக்குக் குளிர் வேண்டும் என்றார்கள். அந்த அலுவலகத்தில் ஏ.சி. கிடைத்த முதல் ஊழியர் அதுதான்.

பொருத்துவதற்கு ஏஜெண்ட் கம்பெனியிலிருந்து பஞ்சாட்சரம் என்ற என்ஜினீயர் டை கட்டிக்கொண்டு வந்தார். பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வால்போல இரண்டு வயர்கள், ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு எழுத்துப் போர்டு, ஒரு திரை, பெட்டிக்குப் பக்கத்தில் காகிதத்தில் அச்சடித்துத் தர ஒரு கருவி. மூளை பெட்டியில்தான் இருக்கிறது, போர்டுகள் வெறும் கை என்று விளக்கினார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அடிக்கலாம். ஆனால் பெட்டி முதலில் ஒண்ணாம் நம்பர் போர்டைத்தான் கவனிக்கும். அங்கே வேலை இல்லாதபோதுதான் இரண்டாம் நம்பர் பக்கம் திரும்பும். ஆகவே வேலை அதிகம் உள்ள இடத்தில் ஒண்ணாம் நம்பரை வையுங்கள் என்றார்.

அண்ணாச்சி இதில் முதல் பாதியைக் கேட்டதும் முடிவெடுத்துவிட்டார்.

“ஒண்ணாம் நம்பர் என் ரூமுக்கு.”

அண்ணாச்சிக்கு டைப் அடிக்கத் தெரியாது. அதை அங்கே நினைவுபடுத்தும் துணிச்சல் யாருக்கும் இல்லை. பஞ்சாட்சரம் வயரை நீளமாக இழுத்துச் சேர்மன் அறைக்குள் கொண்டுபோனார். இரண்டாம் நம்பர், ஹாலில் தங்கபுஷ்பத்துக்கு முன்னால் வந்தது. அவள் அப்பா கீழே ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவில் நிற்பவர். ஒரு விரலைக்கூடப் பார்க்காமல் அடிக்கிறவள் என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பெயர் வாங்கியிருந்ததால் அண்ணாச்சியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

தொடக்க விழாவில் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, அண்ணாச்சி தம் போர்டில் தம் பெயரின் முதல் எழுத்தை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பச்சையாக ஒரு ‘ஆர்’ விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உடனே பஞ்சாட்சரம் இன்னொரு வித்தை காட்டினார். விசையில் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அதே எழுத்து ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பிறகு டிபன் வந்தது. அந்தப் பக்கத்தை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெட்டியை நிறுத்தவே கூடாது என்று பஞ்சாட்சரம் சொல்லியிருந்ததால், அண்ணாச்சியின் ‘ஆர்’ அன்றிலிருந்து விழித்தபடியே இருந்தது.

அண்ணாச்சியின் மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்ட மேஜை. கண்ணாடிக்கு அடியில் அவர் பெரிய மனிதர்களோடு நிற்கும் படங்கள், ஓரம் ஓரமாக ஒட்டி, ஓரங்குலம் விடாமல். அவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு சங்கத்துக்காரர் பொன்னாடை கொண்டுவருவார், ஒரு கோயில் கமிட்டிக்காரர் பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு கொண்டுவருவார். வாங்கிய பொன்னாடையும் தாம்பாளமும் அடுத்து வருகிறவர் கண்ணில் பட வேண்டும். மேஜையில் வைத்தால் படங்கள் மறைந்துவிடும். ஆகவே பொன்னாடை திரையின் மேல் ஏறியது. தாம்பாளம் போர்டின் மேல் உட்கார்ந்தது. சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிற முத்தம்மா தாம்பாளத்தை எடுத்துப் பழத்தை எல்லோருக்கும் கொடுப்பாள். மறுநாள் முதல் பார்வையாளரோடு அடுத்த தாம்பாளம் வந்துவிடும்.

எழுத்துகள் தயங்க ஆரம்பித்த நாளிலிருந்து அறிஞர்கள் பலர் வந்து பார்த்தார்கள். பஞ்சாட்சரம் வோல்டேஜ் என்றார். நடு ஹாலில் ஒரு ஸ்டெபிலைசர் வந்து உட்கார்ந்து வண்டுபோல ரீங்கரித்தது. எழுத்து அசையவில்லை. அடுத்த முறை கடல் காற்றின் உப்பு என்றார். கடல் எங்கே, உஸ்மான் சாலை எங்கே என்று கணக்குப்பிள்ளை கேட்டதற்கு, காற்று பஸ் பிடித்தா வர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கனகராஜ், அந்தப் பெண்ணுக்கு விரலில் அழுத்தம் போதாது என்றார். அவள் அழுத்தி அடித்தாள். தாமதமாக வந்த எழுத்து அழுத்தமாகவும் வரவில்லை.

கடைசியில் சுப்பராமன் தம் கருத்தைச் சொன்னார். அவர் மயிலாப்பூர்க்காரர், தந்தி இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறுவனத்தின் டெக்னிக்கல் அட்வைசர். பதினோரு மணிக் காபியோடு சேர்ந்து வருவார். தங்கபுஷ்பத்தின் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ரொம்ப சிம்பிள். நீ அடிக்கற எழுத்தெல்லாம் பெட்டிக்குள்ள க்யூவுல நின்னுண்டிருக்கு. அதது முறை வந்தா வெளியில வரும். அவ்வளவுதான்.”

“க்யூவுல எனக்கு முன்னால யாரு சார் நிக்கா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

சுப்பராமனின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“சித்த யோசிக்கணும்,” என்றார். அந்த யோசனை அதற்குப் பிறகு பல காபிகளுக்கு நீடித்தது.

ஆனால் தங்கபுஷ்பம் கேட்டது வாய்த்துடுக்கில் கேட்ட கேள்வி இல்லை. ஒருமுறை ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வெயிலில் போயிருந்தாள். முன்னால் ஒரு ஆள் இல்லை. அப்படியும் கடைக்காரர் க்யூவில் நில்லு என்றார். நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, பின்வாசலில் வட்டச் செயலாளர் வீட்டு டின்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. தனியாக நிற்கிறவளைக் காக்க வைக்கிற க்யூவுக்கு ஒரு பின்வாசல் இருந்தே தீரும். இந்தப் பெட்டிக்குப் பின்வாசல் எது?

வைகாசி விசாகத்துக்கு அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போனார். அந்தச் சமயம் பார்த்துக் கனகராஜ் ஜவஹரை அழைத்துவந்து இரண்டாம் நம்பர் போர்டில் உட்கார வைத்தார். ஜவஹர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தான். எழுத்துகள் விரலுக்கு முன்னாலேயே காத்திருந்தவைபோலப் பளிச் பளிச் என்று விழுந்தன. ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஜவஹருக்கே ஆச்சரியம். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அண்ணாச்சி பிரசாதத் தாம்பாளத்தோடு திரும்பினார். எழுத்துகளும் பழைய நடைக்குத் திரும்பின. இப்போது ஜவஹரை இன்னொரு தடவை உட்கார வைத்துப் பார்க்கலாமே என்று தங்கபுஷ்பம் கேட்டாள். நிரூபித்த விஷயத்தை மறுபடி நிரூபிப்பது அறிவியல் ஆகாது என்றார் கனகராஜ். வருகிற வெள்ளிக்கிழமை வணிகர் பேரவைக்காரர்கள் மிஷினைப் பார்க்க வருகிறார்கள். முதலிலிருந்து அடிக்கிறவளே அன்றும் அடிக்கட்டும், நடுவில் கை மாற்றுவது ராசியில்லை என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதனால் கனகராஜ் அவளிடம் தெளிவாகச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை எழுத்து கையோட விழணும். விழலைன்னு வையி, சனிக்கிழமை நீ தேனாம்பேட்டை கிடங்குல லுங்கி எண்ணிக்கிட்டு இருப்ப. இந்தச் சீட்டுல ஜவஹர் இருப்பான்.”

கிடங்குக்குப் போனால் அப்படியே போய்விட வேண்டியதுதான். அங்கிருந்து மாடிக்குத் திரும்பி வந்தவர்கள் இல்லை. அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் கனகராஜிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அதன்பிறகு அவள் மிஷினை விட்டுவிட்டு ஆட்களைக் கவனித்தாள். காலையில் வந்ததும் எழுத்துகள் உடனுக்குடன் விழுந்தன. அண்ணாச்சியைப் பார்க்க முதல் ஆள் போனதும் தயங்க ஆரம்பித்தன. கனகராஜிடம் இதைச் சொன்னாள். காலையில் விரல் புதிதாக இருக்கும், போகப் போகக் களைக்கும், இதுகூடத் தெரியாதா என்றார். கணக்குப்பிள்ளையிடம் சொன்னாள். மொதலாளி அறையில் ஆள் இருக்கும்போது மிஷின்கூட அடக்கமாக இருக்கிறது, மரியாதை தெரிந்த மிஷின் என்று அவர் உள்ளபடியே வியந்தார்.

முத்தம்மா மட்டும் வேறு ஒன்றைச் சொன்னாள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசையிலிருந்து நடந்தே வருகிறவள். ஏ.சி. காற்றுக்காக மிஷின் அறையை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.

“இன்னாமே, உன் டிவி தூங்குது. அண்ணாச்சி ரூம்பு டிவி என்னாடான்னா ஓடிக்கினே கீது. துணி போத்தி வெச்சாலும் ஓரத்துல பச்சையா தெரிது. கத கித எழுதறாரா?”

தங்கபுஷ்பம் துடைப்பத்தைத் தாண்டி அண்ணாச்சியின் கதவைப் பார்த்தாள். பின்வாசல் அங்கே இருந்தது. ஆனால் டைப் அடிக்கத் தெரியாதவர் நாள் முழுக்க எதை எழுதுகிறார்?

முத்தம்மாவின் கேள்வி கணக்குப்பிள்ளை காதில் விழுந்து, கனகராஜ் காதுக்குப் போயிற்று. கனகராஜ் நேரே உள்ளே போய், அண்ணாச்சி சுயசரிதை எழுதுவதாகக் கேள்விப்பட்டேன், எங்களிடம்கூடச் சொல்லவில்லையே என்று குறைபட்டுக்கொண்டார். அண்ணாச்சி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எழுத வேண்டியது எவ்வளவோ கெடக்குல்லா,” என்றார்.

அவ்வளவு போதும். அன்று மாலைக்குள் பாண்டி பஜார் முழுக்க அண்ணாச்சி சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தார்கள், வெறுங்கையோடு அல்ல. தாம்பாளங்கள் கூடின. தங்கபுஷ்பத்தின் எழுத்துகள் இன்னும் மெதுவாயின. ஓரிரு நாளில் அண்ணாச்சியும் தாம் எழுதிக்கொண்டிருப்பதை நம்ப ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே ஜன்னலோரம் நின்று பனகல் பூங்காவின் மரங்களை எழுத்தாளர் பார்வை பார்த்தார்.

தங்கபுஷ்பம் கையெழுத்துக்குக் கடிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணாச்சி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ தூத்துக்குடிக் கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பொன்னாடையின் ஜரிகை ஓரம் பச்சையாக மினுங்கியது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

ஜி. ஜி. ஜி. ஜி. ஒரு வரி முழுக்க ஜி. அடுத்த வரியும் ஜி. கண்முன்னாலேயே புது வரிகள் ஜி ஜி என்று நிரம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தன. கீழே பார்த்தாள். தாம்பாளத்தில் தேங்காய் ஒரு பக்கமாக உருண்டிருந்தது. அந்தப் பக்கத்து விளிம்பு சரிந்து ஒரே ஒரு விசையை அமுக்கிக்கொண்டிருந்தது.

அவள் பொன்னாடையை விட்டாள். தன்னுடைய எழுத்துகளெல்லாம் யாருக்குப் பின்னால் நிற்கின்றன என்று தெரிந்தபோது கோபம் வரவில்லை. ஒரு தேங்காய்க்குப் பின்னால். சிரிப்புத்தான் வந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

சுப்பராமனிடம் சொன்னாள். அவர் மகிழ்ந்துபோனார். க்யூ என்று தாம் அன்றைக்கே சொன்னதை நினைவுபடுத்தினார். அப்படியானால் அண்ணாச்சியிடம் தாங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

“இதோ பாரும்மா. க்யூ இருக்குன்னு சொன்னேன் பாரு, அது டெக்னிக்கல். அதுல முன்னாடி நிக்கறது யாருன்னு சொல்றது டெக்னிக்கல் இல்லே,” என்று சொல்லிவிட்டு, அன்று வழக்கத்துக்கு முன்னதாகவே மயிலாப்பூருக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவளே போனாள். தாம்பாளத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டாள்.

“ஏம்மா, தாம்பாளம் உன்ன என்ன செஞ்சுது?” என்றார் அண்ணாச்சி. “எழுதுத எடத்துல சாமி பிரசாதம் இருக்கட்டும். அதத் தொடாத.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வெளிய என்ன பேசிக்கிடுதாக, என் எழுத்தப் பத்தி?” என்று கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சை முடிவைக் கேட்பதுபோலக் கேட்டார்.

உங்கள் எழுத்து தேங்காயின் எழுத்து என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அது பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை வணிகர் பேரவைக்காரர்கள் கும்பலாக வந்தார்கள். முன்னால் வந்தவர் மாணிக்கவாசகம். அசோக் நகரில் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர். பேரவையின் அடுத்த தலைவர் அண்ணாச்சியா அவரா என்று ஒரு பேச்சு இருந்ததால், இரண்டு பேரும் சந்திக்கும்போதெல்லாம் மிகுந்த பாசத்தோடு இருந்தார்கள். மாணிக்கவாசகம் கொண்டுவந்த தாம்பாளம் மற்றவர்கள் கொண்டுவந்ததைவிடப் பெரியது, தேங்காயும் இரண்டு. அண்ணாச்சி அதை வாங்கி, எல்லோரும் பார்க்க, ஒண்ணாம் நம்பர் போர்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார்.

தங்கபுஷ்பம் போர்டின் முன் உட்கார்ந்தாள். கூட்டம் அவள் தோளுக்குப் பின்னால் நெருங்கி நின்றது. ‘டியர் சர்ஸ்’ அடித்தாள். திரை வெறுமையாக இருந்தது. ‘வெல்கம்’ என்று அடித்தாள். இரண்டு தேங்காயின் பாரத்துக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளுக்கு இந்த முறை வாசல்கூடத் தெரியவில்லை போலிருந்தது. ஸ்டெபிலைசர் மட்டும் ரீங்கரித்தது.

கனகராஜ் இதற்காகவே காத்திருந்தார். அவளை எழுப்பிவிட்டு ஜவஹரை உட்கார வைத்தார். ஜவஹர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் பெயரை அடித்தான். ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தான். திரும்பி அத்தானைப் பார்த்தான். கனகராஜ் முகத்தில், விடைத்தாளில் தான் எழுதிய விடையைத் தானே படித்துப் புரியாதவன் களை தெரிந்தது.

“மிஷினு யோசிக்குதோ?” என்றார் மாணிக்கவாசகம். பின்னால் ஒருவர் இருமினார்.

“அப்படி இல்ல,” என்றார் கனகராஜ், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. “அண்ணாச்சி உள்ள சுயசரிதை எழுதுதாக. பெட்டி அந்த வேலையில இருக்கு.”

“அட, எல்லாரும் சொல்லுதாகளே அந்தப் புஸ்தகமா? அதையே பாத்திருவோமே,” என்று மாணிக்கவாசகம் நேரே சேர்மன் அறைக்குள் நடந்தார். கூட்டமும் நகர்ந்தது. அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார். ஓடும்போதுதான், அந்தப் பொன்னாடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தமக்கே தெரியாது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மாணிக்கவாசகத்தின் கை ஜரிகை ஓரத்தைத் தொட்டபோது அண்ணாச்சியின் முகம் வெளுத்திருந்தது.

தங்கபுஷ்பம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு இனி இழக்கக் கிடங்கைத் தவிர வேறில்லை.

“ஐயா, முடியாத புஸ்தகத்த திறந்து பாக்கப்படாது,” என்றாள். “அண்ணாச்சி, இது ஒண்ணாம் நம்பர் போர்டு. நீங்க முடிச்சாத்தான் பெட்டி எங்க எழுத்த எடுக்கும். இந்த நல்ல நேரத்துல, இத்தன பேர் முன்னால, நீங்க எழுதி முடிச்சிட்டதாச் சொல்லி, அந்தத் தாம்பாளத்த உங்க கையால எடுத்துருங்க.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அதன் விளிம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். துணி விற்று முன்னுக்கு வந்தவர். எந்த மடிப்புக்குள் என்ன கிழிசல் இருக்கும் என்று கை வைத்தே சொல்லக்கூடியவர். அவர் கண்ணில் ஒரு கணம் ஏதோ ஓடி அடங்கியது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பேரவைப் பெரியவங்க முன்னால சொல்லுதேன். எழுதி முடிச்சாச்சு.”

இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கினார்.

ஹாலிலிருந்து முத்தம்மாவின் குரல் கேட்டது, எழுத்து வந்துகினே கீது, வந்து பாருங்க என்று. எல்லோரும் ஹாலுக்குத் திரும்பினார்கள். இரண்டாம் நம்பர் திரையில் காத்திருந்த எழுத்துகளெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிக்கொண்டிருந்தன. டியர் சர்ஸ், வெல்கம், அதை ஒட்டியே ஜவஹர், ஜவஹர். யார் முன்னால் அடித்தார்களோ அந்த வரிசை தப்பாமல். தங்கபுஷ்பம் உட்கார்ந்து மீதிக் கடிதத்தை அடித்தாள். விரலும் எழுத்தும் ஒரே நேரத்தில் விழுந்தன. பேரவைக்காரர்கள் கைதட்டினார்கள். சுப்பராமன் பக்கத்தில் நின்றவரிடம் க்யூவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கனகராஜின் கையில் கொடுத்தார். விருந்தினர் போகும்வரை கனகராஜ் இரண்டு தேங்காயையும் ஏந்தியபடி நின்றார்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார். பொன்னாடையை அவரே எடுத்திருந்தார். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

“நாளைக்கு இந்தப் போர்ட உன் மேசைக்கு மாத்திரச் சொல்லுதேன். நமக்குத்தான் எழுத்து வேல முடிஞ்சிட்டுல்லா,” என்றார். “அந்தப் பய ஜவஹர் ரெண்டாம் நம்பர்ல உக்காரட்டும். கிடங்குக்கு யாரும் போவ வேண்டாம்.”

அவள் நன்றி சொல்லிவிட்டு, இதை அழித்துவிடட்டுமா என்று திரையைக் காட்டிக் கேட்டாள்.

மேலிருந்து பார்க்க முடியுமா என்றார் அண்ணாச்சி. அவள் விசையைத் தட்டி முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். முதலில் அவர் அடித்த ‘ஆர்’ இருந்தது, அதை ஒட்டிப் பஞ்சாட்சரம் வித்தை காட்டிய வரி. அதன்பிறகு ஜி. பக்கம் பக்கமாக ஜி. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் ஜி போய் எச் வந்தது. பழம் உருண்டு தாம்பாளம் சரிந்த நாளாக இருக்கலாம் என்றாள் அவள். இது விசாகத்துக்கு முன்னால் தெலுங்குச் செட்டியார் பலாப்பழம் கொண்டுவந்தபோது என்று அவர் இன்னோரிடத்தில் விரலை வைத்தார், அங்கே மூன்று எழுத்துகள் மாறி மாறி வந்திருந்தன. பார்க்கப் பார்க்க இருவருக்கும் சுவாரசியமாக இருந்தது. யார் யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அதில் எப்படியோ இருந்தது.

“அழிக்காத,” என்றார் அண்ணாச்சி. “ஒரு காப்பி எடுத்து பைண்டு போட்டு வையி.”

தடித்த அட்டை, தோல் முதுகு, அதில் தங்க எழுத்தில் ராஜரத்தினம் என்ற பெயர். புத்தகம் சேர்மன் அறைக் கண்ணாடி அலமாரியில் ஏறி நின்றது. அலமாரியைப் பூட்டிச் சாவியை அண்ணாச்சி இடுப்பில் வைத்துக்கொண்டார். பேரவை அவருக்கு ‘எழுத்துச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தது.

பட்டமளிப்புக்கு அழைக்க வந்த மாணிக்கவாசகம் அலமாரிக்கு முன்னால் நின்று, தாம் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னார். ஹால் வரைக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“எழுதுனா இப்படில்லா எழுதணும், அண்ணாச்சி. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் ஒரே சீரா போவுது. ஒரு எடத்துலகூட நடை தடுமாறல.”



“ஒமக்காவது புரிஞ்சுதே,” என்ற அண்ணாச்சியின் குரல் கேட்டது.

ஹாலில் ஒண்ணாம் நம்பர் போர்டின் முன் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை எடுக்க மறந்துவிட்டாள். திரையில் ஒரு வரி நிறைய ஜி விழுந்தது. பக்கத்தில் இரண்டாம் நம்பரில் ஜவஹர், தன் எழுத்து ஏன் நின்றுவிட்டது என்று எட்டிப் பார்த்தான். அவள் விரலை எடுத்து, வரியை அழித்துவிட்டு, கடிதத்தைத் தொடர்ந்தாள்.